ஏரோப்பிளேனுக்கும் ஒரு பங்கு

முதல் நாள்

விமானம் ஓட்டப் படித்த முதல் நாளில் நான் விமானத்தில் ஏறவே இல்லை. கழுதை விரட்டினேன்.

மன்னாருக்கு அந்தச் சின்ன விமானம் வந்தது வெள்ளைக்காரன் காலத்தில், இரண்டாவது பெரிய யுத்தம் தொடங்க முன்னர். தபால் பைகளும் அவசர மருந்துகளும் கொண்டு போவதற்காகக் கொழும்புக் கம்பனி ஒன்று அதை வாங்கி அனுப்பியிருந்தது. மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரட்டைச் சிறகு. சிறகு முழுவதும் துணி. முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் இருக்க இரண்டு திறந்த குழிகள். பட்டணத்துக்கு வெளியே வடகடற்கரையை ஒட்டிக் கிடந்த வெறும் திடல்தான் விமான நிலையம். அங்கே தென்னோலைக் கிடுகு வேய்ந்த ஒரு கொட்டில் இருந்தது, கம்பத்தில் ஒரு காற்றுப் பை இருந்தது, பெற்றோல் பீப்பாக்கள் இருந்தன, கழுதைகள் இருந்தன. கழுதைகளைக் கம்பனி அனுப்பவில்லை. அவை எங்களுக்கு முன்னமே அங்கே குடியிருந்தவை.

நான் உப்புக்குளத்தில் பிறந்தவன். அதுவரை லொறி மெக்கானிக். கம்பனி என்னை எடுத்ததும் எஞ்சின் பார்க்கத்தான். ஆனால் விமானத்தோடு வந்த பென்ரோஸ் துரைக்கு இரண்டாவது விமானி ஒருவர் வேண்டியிருந்தது. கொழும்பில் யாரைக் கேட்டாலும் மன்னார் வெயில் என்றதும் காய்ச்சல், தலையிடி என்று ஏதோ ஒரு வருத்தம் சொன்னார்களாம். கடைசியில் அவர் என்னைப் பார்த்தார்.

பென்ரோஸ் துரை முன்பு மலைநாட்டில் தேயிலைத் தோட்டத்துச் சின்னத்துரையாக இருந்தவர். தமிழை அங்கே படித்தவர். ஆகவே எங்கள் ஊர்த் தமிழ் அவருக்குப் பாதிதான் விளங்கும். யாராக இருந்தாலும் "நீ" என்றுதான் கூப்பிடுவார். ஒரு தரம் பள்ளிவாசல் மரைக்காயரையே "நீ இங்கே வா" என்று கூப்பிட்டுவிட, நான் ஓடிப் போய் நடுவில் நிற்க வேண்டியதாயிற்று.

"காசிம், நீ பறக்குறியா?"

"ஓம் துரை."

"ஓம்னா ஆமாவா?"

"ஓம்."

"சரி. மொதல்ல அந்தக் கழுதைங்களை ஓட்டு."

ஓட்டினேன். ஒன்று மட்டும் அசையவில்லை. காற்றுப் பைக் கம்பத்துக்குப் பக்கத்தில், கம்பத்தை நட்டபோது தன்னையும் சேர்த்து நட்டுவிட்டார்கள் என்ற மாதிரி நின்றது. இழுத்தேன், தள்ளினேன், கெஞ்சினேன். கடைசியில் துரை, "விடு, அது ஓடுபாதையில இல்லை" என்றார். அது கடைசிவரை அங்கேயே நின்றது.

அன்றைக்கே துரை நிலைமையையும் விளக்கிவிட்டார். சோழகம் என்கிற தென்மேற்குக் காற்று முடிவதற்குள் கொழும்பிலிருந்து பரிசோதகர் வருவார். நான் பாஸ் பண்ணினால் விமானி. பண்ணாவிட்டால் கம்பனி வேறு விமானியைப் பிடித்து அனுப்பும். அவர் தன் மெக்கானிக்கையும் கூட்டிக்கொண்டு வருவார். எனக்கு இரண்டு வேலையும் இல்லை.

இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது வீட்டில் எப்போதோ முடிவாகியிருந்தது. என் நானா, அதாவது மூத்த அண்ணன், கடைத்தெருவில் புடவைக் கடை வைத்திருந்தார். "உனக்கு எண்டு ஒரு யார்க்கோல் எடுத்து வச்சிருக்கிறன், தம்பி. எப்ப எண்டாலும் வரலாம்" என்று நல்ல மனதோடுதான் சொன்னார். யார்க்கோல் என்றால் துணி அளக்கிற கோல். சாகும்வரை பாவாடைத் துணி அளப்பதா?

ஒரே மாதிரி

விமானத்தை மேலே ஏற்றுவதில் பெரிய வித்தை இல்லை. அது தானாகவே ஏற ஆசைப்படும். இறக்குவதில்தான் இருக்கிறது சங்கதி.

காற்றுக்கு எதிர்முகமாகத்தான் ஏற வேண்டும், இறங்கவும் வேண்டும். சோழகக் காலத்தில் எங்களுக்குக் காற்று தென்மேற்கிலிருந்து வரும். ஆகவே தென்மேற்கு நோக்கி ஏறி, இரண்டு தரம் இடப்பக்கம் திரும்பி, திடலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வடகடலுக்கு மேலே போவோம். அங்கே ஓரிடத்தில் மறுபடியும் இடப்பக்கம் இரண்டு தரம் திரும்பினால் திடல் நேர் முன்னால் வரும். அப்போது எஞ்சினை மூடிவிட வேண்டும். பிறகு சத்தமில்லாமல் சறுக்கி வந்து, திடலில் சுண்ணாம்பால் போட்ட வெள்ளைக் கட்டத்துக்குள் சக்கரச் சில்லு பட வேண்டும். எஞ்சினை மூடினால் மூடினதுதான். நடுவில் ஒரு தரம் திறந்தாலும் பரிசோதனையில் பெயில்.

ஆகவே எல்லாமே கடலுக்கு மேல் எங்கே திரும்புகிறோம் என்பதில் இருந்தது. முந்தித் திரும்பினால் கட்டத்தைத் தாண்டிப் போய் உடைமரப் புதர்ப் பற்றைக்குள் விழ வேண்டும். பிந்தித் திரும்பினால் திடலுக்கே வந்து சேரமாட்டோம். நான் இரண்டையும் செய்தேன். ஒரு நாள் பற்றைக்குள். மறு நாள் கடற்கரை மணல். அதற்கு அடுத்த நாள் சரியாக இறங்கினேன், ஆனால் எப்படி இறங்கினேன் என்று எனக்கே தெரியாது.

"ஒரே மாதிரி, காசிம்" என்பார் துரை. பின் குழியிலிருந்து பேசுகிற குழாய் வழியாக அந்தச் சத்தம் என் காதுக்குள் வந்து விழும். "ஒவ்வொரு தடவையும் ஒரே எடம், ஒரே ஒசரம், ஒரே வேகம். கீழே என்னா பாக்குறே? எறங்குற எடத்தைப் பார்."

இறங்குகிற இடத்தைப் பார்த்தால் எனக்குப் பயம்தான் வந்தது. அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று வரவில்லை. கடலில் எங்கே திரும்புவது என்பதற்கு ஏதாவது அடையாளம் வேண்டும் என்று தேடினேன். கடலில் என்ன அடையாளம் இருக்கும்? தண்ணீர்தான் இருக்கும்.

அப்போதுதான் அந்த வள்ளத்தைக் கண்டேன். சோழகக் காலத்தில் தென்கடல் கொந்தளிக்கும். மீன்பிடிக்காரர் எல்லாம் வடகடலுக்கு வந்துவிடுவார்கள். அவர்களில் ஒருவர் மற்ற வள்ளங்களை விட்டுத் தனியாக, கரையிலிருந்து ஒரு நல்ல தூரத்தில் நங்கூரம் போட்டு, வெயிலுக்குப் பாயைச் சரித்துக் கட்டி நிழல் போட்டிருந்தார். பழுப்புப் பாய். அதன் நடுவில் பெரிய நீல ஒட்டு. அந்த நீலத்தை எனக்குத் தெரியும். நானாவின் கடைத் துணி. அதைப் பார்த்ததும் எனக்கு ஒரு தைரியம் வந்தது. நீல ஒட்டு சிறகுக்கு நேர்கீழே வந்ததும் திரும்பினேன், எஞ்சினை மூடினேன், கட்டத்துக்குள் இறங்கினேன்.

மறு நாளும் வள்ளம் அங்கே நின்றது. மறு நாளும் கட்டத்துக்குள் இறங்கினேன். துரை இறங்கி வந்து என் முதுகில் தட்டினார். நான் அன்றிரவு வீட்டில் உம்மாவிடம் எல்லாம் பிடிபட்டுப் போச்சு என்றேன். அவ்வளவு சுலபமாகப் பிடிபடுகிற விஷயத்தை நம்பக்கூடாது என்று அப்போது எனக்கு யாரும் சொல்லவில்லை.

வாசலில் உமல்

அந்த வாரம் இன்னொன்றும் தொடங்கியது. மத்தியானம் கொட்டிலுக்குத் திரும்பினால் வாசல் கப்புத் தூணில் ஒரு உமல், அதாவது மீன் போடுகிற ஓலைப் பை, தொங்கும். உள்ளே மீன். ஒரு நாள் விளைமீன், ஒரு நாள் ஓரா, ஒரு நாள் என் முழங்கை நீளத்துக்குப் பாரை. யார் கொண்டுவந்தது, எதற்கு என்று ஒன்றும் தெரியாது.

துரை முதலில் சந்தேகப்பட்டார். யாரோ கம்பனியில் வேலை கேட்டுக் காக்கா பிடிக்கிறார்கள் என்றார். இரண்டாவது உமலுக்குப் பிறகு, ஊர்ச் சனத்துக்குத் தன்மேல் மரியாதை வந்துவிட்டது என்றார். மூன்றாவது உமலுக்குப் பிறகு ஒன்றும் சொல்லாமல் பொரிக்கச் சட்டி வாங்கினார்.

நானோ, உம்மாதான் என்மேல் இரக்கப்பட்டு யாரிடமோ சொல்லி அனுப்புகிறா என்று நினைத்தேன். உம்மாவிடம் கேட்டேன்.

"என்னட்டை மீன் இருந்தால் நான் வீட்டில ஆக்கித் தரமாட்டனே? அந்தக் காட்டில கொண்டு போய்த் தொங்கவிடுவனே?" என்றா உம்மா.

நியாயமான கேள்வி. பிறகு நான் விசாரிக்கவில்லை. மீன் நல்ல மீன்.

தராசு

இரண்டாவது வாரம் என் இறக்கம் கெடத் தொடங்கியது.

முதலில் கட்டத்தின் நடுவில் இறங்கியவன், கட்டத்தின் விளிம்பில் இறங்கினேன். அடுத்த நாள் விளிம்புக்கு முன்னால். அதற்கடுத்த நாள் இன்னும் முன்னால். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகக் கடற்கரைப் பக்கம் பின்வாங்கினேன். இத்தனைக்கும் நான் ஒன்றையும் மாற்றவில்லை. அதே உயரம், அதே வேகம், அதே நீல ஒட்டுக்கு மேலே அதே திருப்பம். துரை சொன்னபடி ஒரே மாதிரி.

துரைக்கு மண்டை காய்ந்தது. எஞ்சினைக் கழற்றிப் பார்த்தோம். சிறகுத் துணியைத் தட்டிப் பார்த்தோம். காற்றுப் பையை இறக்கித் துவைத்துக்கூட ஏற்றினோம். காற்று கூடியிருக்கும் என்றார். காற்று அப்படியேதான் இருந்தது. கடைசியில் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீ கொழுத்துட்டே, காசிம்."

"இல்லை துரை."

"தெனமும் மீன் தின்னுறே. பாரம் ஏறிப் போச்சு. அதனாலதான் பிளேன் முந்தி விழுது."

மீனில் பெரிய பாதியைத் தின்றது யார் என்று நான் சொல்லவில்லை. அவர் என்னைக் கடைத்தெருவுக்குக் கூட்டிப் போய், கருவாட்டுக் கடைத் தராசில் ஏற்றி நிறுத்தார். ஒரு தட்டில் நான், மறு தட்டில் படிக்கற்கள். கடைத்தெரு முழுக்கக் கூடிவிட்டது. எதிர்க் கடையிலிருந்து நானா இறங்கி வந்து, "துரை, இவனை விக்கப் போறீங்களோ?" என்று கேட்டார். ஊர் சிரித்த சிரிப்பு இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

அன்றிலிருந்து அரை வயிற்றுச் சோறு என்று துரை கட்டளை போட்டார். உம்மா கொதித்துப் போனா.

"வானத்தில பறக்கிறதெண்டால் பட்டினி கிடக்க வேணுமாமோ? காகம் பட்டினியாவே கிடக்குது? நாளைக்கு நானே வந்து அந்தத் துரையோட கதைக்கிறன்."

வரவேண்டாம் என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சி நிறுத்தினேன். அரை வயிற்றோடு பறந்தேன். அடுத்த நாள் இன்னும் முன்னால் விழுந்தேன். பரிசோதகர் வருகிற நாளோ நெருங்கிக்கொண்டிருந்தது. நானா யார்க்கோலைத் துடைத்து வைத்திருக்கிறாராம் என்று கேள்விப்பட்டேன்.

கருவாட்டுக்கு மேல்

பிறகு அந்த நாள் வந்தது. நீல ஒட்டுக்கு மேலே திரும்பினேன், எஞ்சினை மூடினேன், திடலைப் பார்த்தேன். திடல் வெகு தூரத்தில் இருந்தது. எனக்கு முன்னால் இருந்தது முழுவதும் கடல். பின் குழியில் துரை முதலில் இங்கிலீசில் ஏதோ சொன்னார், பிறகு தோட்டத் தமிழில் சொன்னார். இரண்டையும் இங்கே எழுத முடியாது. "தெற" என்று கத்தியது மட்டும் விளங்கியது. திறந்தேன். எஞ்சின் இருமியது, பிறகு பிடித்தது, ஆனால் பிந்திவிட்டது. சில்லு கடற்கரை மணலில் பட்டது. பட்ட இடத்தில் யாரோ பாய் விரித்து மீன் காயப் போட்டிருந்தார்கள். அதற்கு மேலாலேயே ஓடிப் போய் நின்றோம்.

ஒருவருக்கும் காயமில்லை. ஆனால் விசிறியில் கருவாடு, சிறகில் கருவாடு, துரையின் தொப்பியிலும் கருவாடு. கையில் காகம் விரட்டுகிற தடியோடு ஒரு பெண் ஓடி வந்தா.

"கண் தெரியேல்லையோ உங்களுக்கு? இவ்வளவு பெரிய கடல் கிடக்கு, இவ்வளவு பெரிய திடல் கிடக்கு, என்ர கருவாடுதானே கண்டது?"

அவவுக்குப் பெயர் மதலேனாள். நாங்கள் இறங்கி மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே கடலிலிருந்து ஒரு வள்ளம் அவசரமாகக் கரைக்கு வந்தது. பழுப்புப் பாய், நடுவில் நீல ஒட்டு. அதிலிருந்து குதித்தவர் அவவுடைய கணவர் சந்தியாம்பிள்ளை. அவர் கருவாட்டைப் பார்க்கவில்லை. நேரே என்னிடம் வந்தார்.

"தம்பி, ஒண்டும் நடக்கேல்லையே? மாதாவே, நான் பயந்து போனன். பங்கு ஒழுங்காக் கிடைக்குதுதானே?"

"என்ன பங்கு, அண்ணை?"

"ஏரோப்பிளேன்ர பங்கு. உமலில கொண்டந்து தொங்கவிடுறனான் எல்லே."

எங்கள் பக்கத்தில் கடலில் பிடித்ததைப் பங்காகத்தான் பிரிப்பார்கள். வள்ளத்துக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, போன ஆளுக்கு ஒரு பங்கு. சந்தியாம்பிள்ளை அண்ணை அதில் விமானத்துக்கும் ஒரு பங்கு போட்டிருக்கிறார். ஏன் என்று கேட்டேன். அவர் கடலைப் பார்த்துக்கொண்டு விளக்கினார்.

"நீங்கள் மேலால உறுமிக்கொண்டு வருவீங்கள். மீன் எல்லாம் பயந்து கல்லுக்குள்ள ஒளிச்சிடும். பிறகு நீங்கள் டக்கெண்டு சத்தத்தை நிப்பாட்டுவீங்கள். சரி, ஆபத்துப் போட்டுது எண்டு எல்லாம் வெளியில வரும். அந்த இடத்தில வலை கிடந்தால் அள்ளலாம். முதல் நாள் நான் சும்மா நிண்டனான். நீங்கள் எனக்குக் கொஞ்சம் அங்காலதான் சத்தத்தை நிப்பாட்டினீங்கள். அடுத்த நாள் அந்த இடத்துக்குப் போய் வலை போட்டன். என்ன மீன் எண்டு நினைக்கிறீங்கள்!"

எனக்கு ஏதோ பிடிபடத் தொடங்கியது.

"அதுக்கு அடுத்த நாள், அண்ணை?"

"நீங்கள் இன்னும் கொஞ்சம் அங்கால நிப்பாட்டினீங்கள். நானும் இன்னும் கொஞ்சம் அங்கால போனன். ஒவ்வொரு நாளும் தள்ளித் தள்ளித்தான் நிப்பாட்டுறீங்கள். தம்பிக்கு மீன் போற இடம் தெரிஞ்சிருக்குது எண்டு நான் என்னோட வள்ளத்தில வாற மச்சானிட்டைச் சொன்னனான்."

"நான் உங்கட வள்ளத்தைப் பார்த்துத்தான் திரும்புறனான், அண்ணை."

"என்ர வள்ளத்தையோ?"

"ஓம். அந்த நீல ஒட்டை. அது மேல வந்தாப் பிறகு திரும்பித்தான் சத்தத்தை நிப்பாட்டுறனான். அதுக்குள்ள கொஞ்சம் அங்கால போயிடுவன்."

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். துரை எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நான் எல்லாவற்றையும் அவருடைய தமிழில் சொன்னேன். அவர் கருவாட்டுப் பாயில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"இவன் ஒன்னைப் பாக்குறான். நீ இவனைப் பாக்குறே. இப்படியே விட்டா ரெண்டு பேரும் யாழ்ப்பாணத்துல போய் எறங்குவீங்க."

மதலேனாள் அக்கா மட்டும், "அதுக்கு என்ர கருவாடு என்ன செய்தது?" என்று கேட்டா. நாங்கள் குனிந்து கருவாடு பொறுக்கத் தொடங்கினோம்.

நாலு நங்கூரம்

அடுத்த இரண்டு நாட்கள் துரை என்னை அடையாளம் எதுவும் இல்லாமல் பறக்கச் சொன்னார். வள்ளத்தைப் பார்க்கக் கூடாது, திடலை மட்டும் பார்க்க வேண்டும். நான் திடலைப் பார்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டே வள்ளத்தைத் தேடினேன். ஒரு தரம் பற்றை, ஒரு தரம் மணல், ஒரு தரம் கழுதைக்கு அரை முழம் பக்கத்தில். அசையாத அந்தக் கழுதை அன்றைக்கும் அசையவில்லை.

"அடையாளம் வேணும்னா அதை வச்சுக்கோ" என்றார் துரை. "இந்த மன்னார்ல நகராத சாமான் அது ஒன்னுதான்."

பரிசோதகர் வர மூன்று நாள்தான் இருந்தது. துரை பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: "சரி. அந்த வள்ளத்தைக் கட்டிப் போடு."

அவரே தனியாகப் பறந்து, சரியாகத் திரும்ப வேண்டிய இடத்தில் ஒரு மணல் மூட்டையைக் கடலில் போட்டார். அது விழுந்த இடத்தில் சந்தியாம்பிள்ளை அண்ணை வள்ளத்தைக் கொண்டுபோய் நிறுத்தினார். முன்னுக்கு இரண்டு, பின்னுக்கு இரண்டு என்று நாலு நங்கூரம். மீன் அங்கே படாது என்று அவருக்குத் தெரியும். சத்தம் நிற்கிற இடம் அதற்கும் அப்பால்.

"மீன் போனால் போகட்டும், தம்பி" என்றார். "நீங்கள் பாஸ் பண்ணினாப் பிறகு நான் அங்கால போறன்."

இப்படி ஒரு மனுசனை நான் பிறகு கண்டதில்லை. இரண்டு நாள் வெள்ளைக் கட்டத்தின் நடுவில் இறங்கினேன். துரை எனக்கு முழு வயிற்றுச் சோற்றுக்கு அனுமதி கொடுத்தார்.

பரிசோதனைக்கு முந்தின நாள் பின்னேரம் நானாவின் கடைக்குப் போனேன். நானா வழக்கத்துக்கு மாறாகச் சிரித்த முகமாக இருந்தார்.

"நீலத் துணி ஒரு துண்டு இல்லை, தம்பி. முழுக்க வித்துப் போட்டுது. கரையாரெல்லாம் வந்து வாங்கிக்கொண்டு போறாங்கள். கோயில் பெருநாளோ என்னவோ தெரியேல்லை."

எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. நாளைய நினைப்பில் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

பரிசோதனை

பரிசோதகர் மெலிந்த வெள்ளைக்காரர். வெயிலில் கறுப்புக் கோட்டுப் போட்டு வந்திருந்தார். வெள்ளைக் கட்டத்துக்குப் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்து, ஒரு தடவைதான், இரண்டாம் தடவை கிடையாது என்றார். துரை என் தோளைப் பிடித்து, "ஒரே மாதிரி" என்று மட்டும் சொன்னார். தனியாக ஏறினேன்.

மேலே போய் வடகடல் பக்கம் திரும்பியதும் கீழே பார்த்தேன். என் வாழ்க்கையில் அப்படி ஒரு காட்சியைக் கண்டதில்லை. கடல் நிறைய வள்ளம். வடகரையில் இருந்த ஒரு வள்ளமும் மிச்சமில்லாமல் வந்து நின்றது. ஒவ்வொன்றிலும் பழுப்புப் பாய். ஒவ்வொரு பாயிலும் ஒரு நீல ஒட்டு.

நானா விற்ற துணி.

யா அல்லா என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். எது சந்தியாம்பிள்ளை அண்ணையின் வள்ளம் என்று தெரியவில்லை. ஒருவர் கையை ஆட்டுகிறார். பார்த்தால் எல்லோருமே கையை ஆட்டுகிறார்கள். தங்களுக்கு மேலே வந்து சத்தத்தை நிறுத்தச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். கிட்டே ஒரு நீலம், தூரத்தில் ஒரு நீலம், பக்கத்தில் பத்து நீலம். யார்க்கோல் கண்ணுக்கு முன்னால் வந்தது. நான் ஒரு பெண்பிள்ளைக்குப் பாவாடைத் துணி அளந்து கொடுக்கிறேன், அவள் குறைகிறது என்கிறாள்.

கடலில் பார்க்க ஒன்றும் இல்லை என்று ஆகிவிட்டது. வேறு வழியில்லாமல் தலையைத் திருப்பித் திடலைப் பார்த்தேன்.

திடல் சிறகின் பின்னால் மெல்ல மெல்லப் பின்வாங்கிக்கொண்டிருந்தது. வெள்ளைக் கட்டம் விரித்த பாய் மாதிரி அகலமாகத் தெரிந்தது. இன்னும் கிட்டத்தில் இருக்கிறேன். கொஞ்சம் போனதும் பாய் ஒடுங்கியது. இன்னும் கொஞ்சம் ஒடுங்கியது. சட்டென்று, இதுதான் என்று தெரிந்தது. நல்லபடி இறங்கிய ஒவ்வொரு நாளும் அது இந்த அகலத்தில்தான் தெரிந்தது. ஒவ்வொரு நாளும் கண்ணில் பட்டிருக்கிறது. நான்தான் நீல ஒட்டைப் பார்த்துக்கொண்டு அதைக் கவனிக்கவில்லை. திரும்பினேன். மறுபடி திரும்பினேன். எஞ்சினை மூடினேன்.

சத்தம் நின்றது. கீழே எல்லோரும் ஒரே நேரத்தில் வலை போட்டிருப்பார்கள். நான் பார்க்கவில்லை. கட்டத்தை விட்டு நான் கண்ணை எடுக்கவே இல்லை. கடற்கரைக்கு மேலே வரும்போது மதலேனாள் அக்கா கருவாட்டுப் பாய்க்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக் காவல் நிற்பது மட்டும் ஓரக்கண்ணில் தெரிந்தது. அவவுக்கு மேலால் நல்ல உயரத்தில் போனேன். சில்லு கட்டத்தின் நடுவில் பட்டது. விமானம் ஓடிப் போய்க் காற்றுப் பைக்குப் பக்கத்தில் நின்றது. கழுதை தலையைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

பரிசோதகர் வந்து, எங்கே திரும்புவது என்று எப்படித் தீர்மானித்தாய் என்று கேட்டார்.

"இறங்கிற இடத்தைப் பார்த்தனான், ஐயா" என்றேன். துரை அதை இங்கிலீசில் சொல்லிவிட்டு, முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுதாரா, சிரித்தாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

பிறகு

பின்னேரம் சந்தியாம்பிள்ளை அண்ணை கொட்டிலுக்கு வந்தார். முகத்தைத் தொங்கப் போட்டிருந்தார்.

"நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை, தம்பி. மனுசிக்கு மட்டும்தான் சொன்னனான். அவவும் கோயிலடியில ரெண்டு பேருக்குத்தான் சொன்னவவாம். நீல ஒட்டு இருந்தால்தான் ஏரோப்பிளேன் மேலால வரும் எண்டு சனம் நம்பிப் போட்டுது. எத்தினை வள்ளம், எத்தினை வலை. ஒண்டுக்குள்ள ஒண்டு சிக்கி, ஒருத்தனுக்கும் மீன் இல்லை. இப்ப எல்லாரும் என்னைத்தான் ஏசுறாங்கள்."

"நான் பாஸ் பண்ணிப் போட்டன், அண்ணை."

"தெரியும். கரையில நிண்டு மதலேனாள் பார்த்தவ. கருவாட்டில படேல்லையாம், அதால நீங்கள் பாஸ் எண்டு சொன்னவ."

பிறகு மடியிலிருந்து உமலை எடுத்துக் கப்பில் மாட்டினார். நான் உள்ளே பார்த்தேன். ஒரே ஒரு சூடை மீன், என் சுண்டுவிரல் அளவு.

"இது என்னத்துக்கு, அண்ணை? உங்களுக்கே ஒண்டும் இல்லை."

"வலையில ஆறு பட்டது. வள்ளத்துக்கு ஒண்டு, வலைக்கு ஒண்டு, எனக்கு ஒண்டு, மச்சானுக்கு ஒண்டு, ஏரோப்பிளேனுக்கு ஒண்டு. மற்றது மதலேனாளின்ர கருவாட்டுக்கு. பங்கு எண்டால் பங்குதான்."

அதன் பிறகு பல வருடம் பறந்தேன். கடலே இல்லாத இடங்களில், வள்ளம் என்றால் என்னவென்று தெரியாத ஊர்களில் இறங்கினேன். எங்கேயும் இறங்குகிற இடத்தைத்தான் பார்த்தேன். இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகள் என்னிடம் கேட்டால் அதைத்தான் சொல்வேன். அதற்குமேல் ஏதாவது அடையாளம் வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால், அது உங்களை அடையாளம் வைத்திருக்கிறதா என்று முதலில் போய்க் கேட்டுவிட்டு வாருங்கள்.

அன்றைக்கு அந்தச் சூடையைத் துரை பொரித்தார். கத்தியால் சரிபாதியாக வெட்டி, ஒரு பாதியை எனக்குத் தந்தார். உமலில் வந்த மீனை அவர் சரிபாதியாகப் பிரித்தது அன்றைக்குத்தான்.